ஆறாம் நம்பர் ஐபீஸ்

இல்லைம்மா, பையை மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு பொருள் இருக்கிறது, குலுங்கக் கூடாது. நீங்கள் ஜன்னல் பக்கம் நன்றாக உட்காருங்கள். திருநள்ளாறுதானே நீங்களும்? ஓ, காரைக்கால் வரைக்குமா. அப்படியானால் உங்களுக்குச் சனி தொல்லை எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறீர்கள். சனிக்கிழமை இந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் எள்ளும் எண்ணெயுமாகத்தான் ஏறுவார்கள். நானும் ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, பத்தரைக்குப் பிறகுதான் வீட்டை விட்டு இறங்கினேன்.

என் மகனுக்கு ஏழரை நடக்கிறது. ஒரே மகன். மயூரநாதன் என்று பெயர். எங்கள் ஊர் மாயவரம், அதனால் சுவாமி பெயரையே வைத்தோம். பெண்ணுக்கு அம்மன் பெயர், அபயாம்பிகை. ரெண்டு பேரையும் கூப்பிட்டாலே ஒரு அர்ச்சனை ஆன மாதிரி என்று அவர்கள் அப்பா சொல்வார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பெண்ணைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறோம். இவன்தான் முப்பத்தாறு வயசாகியும் அப்படியே நிற்கிறான். மண் பரிசோதனை செய்கிற ஆபீசில் வேலை. பகல் முழுக்க விவசாயிகள் கொண்டுவருகிற மண்ணைக் குனிந்து பார்ப்பான். சாயங்காலம் ஆனால் மொட்டை மாடிக்குப் போய் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பான். நடுவில் மனுஷர் முகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் பார்க்க மாட்டான்.

டெலஸ்கோப் வாங்கணும் என்றான். வாங்கிக்கோ என்றேன். பீடி, சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, ஒரு டெலஸ்கோப்தானே. ஆனால் அது காய்கறி வாங்குவது மாதிரி இல்லை தாயே. ஒரு மாசம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிற்க வைத்துக்கொண்டு படித்துக்கொண்டே இருப்பான். ரசம் ஆறிப் போகும். "என்னடா படிக்கிற" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அதோடு போச்சு. தினமும் எனக்கு வகுப்புதான்.

முன்னே ஒரு தடவை கடையில் ஏதோ ஒன்றை வாங்கிவந்து ஏமாந்திருக்கிறான். பெட்டியில் ஐந்நூறு மடங்கு என்று போட்டிருந்தது. மூன்று கால் வைத்த ஸ்டாண்ட், தும்மினால் ஆடும். நிலாவைப் பார்த்தால் வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி அலைந்தது. அதனால் இந்தத் தடவை தீர விசாரிக்கிறானாம். "அம்மா, எத்தனை மடங்குன்னு பாக்கக் கூடாது. வாய் எவ்வளவு அகலம்னுதான் பாக்கணும். வாய் அகலமா இருந்தாத்தான் வெளிச்சம் நெறைய உள்ள வரும்" என்பான். மழைத் தண்ணீர் பிடிக்க நாங்கள் அண்டாவை வைப்போமா, செம்பை வைப்போமா? அதுதானே. இதற்கு எதற்கு ஒரு மாசம்?

அப்புறம் அதில் ரெண்டு ஜாதியாம். ஒன்று நீளக் குழாய், முன்னால் லென்ஸ் இருக்கும், பின்னாலிருந்து நேரே பார்க்க வேண்டும். இன்னொன்று குண்டுக் குழாய், அடியில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒன்று இருக்கும், குழாயின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதில் பக்கத்தில் நின்று சாய்ந்து பார்க்க வேண்டும். இவன் நீளக் குழாய்தான் வேண்டும் என்றிருந்தான்.

"அதுல சனி தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானேம்மா வாங்குறது. வளையமே தெரியும்."

கோயிலிலேயே சனீஸ்வரன் சன்னதியில் எதிரே நின்று யாராவது கும்பிடுவார்களா? ஒதுங்கி, ஒரு பக்கமாக நின்றுதானே கும்பிடுகிறோம். அவர் பார்வை நேரே விழக் கூடாது என்றுதானே. ஏழரையில் இருக்கிற பிள்ளை, அவரை நேருக்கு நேர், அதுவும் பெரிசாக்கிப் பார்க்கிறேன் என்கிறான்.

நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. "எதை வேணா வாங்கு, அந்தப் பக்கவாட்டுல பாக்குறதையே வாங்கு" என்றேன். ஏன் என்று கேட்டான். காரணத்தைச் சொன்னேன். சிரித்தான் பாருங்கள், அவன் அப்பா காரியம் ஆன பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தான். "சரிம்மா, அதுலதான் வாயும் அகலம்" என்று அதையே வாங்கிவிட்டான். அஞ்சு இஞ்சு வாய். குட்டையாக, மரப்பலகை மேல் பீரங்கி மாதிரி உட்கார்ந்திருக்கும். என் மனசுக்கு அன்று ஒரு திருப்தி. பிள்ளையைச் சாய்ந்து பார்க்க வைத்துவிட்டேன் என்று அபயாம்பிகை அம்மனுக்கு ஒரு நெய்விளக்கு போட்டேன்.

வந்த அன்றைக்குப் பகலிலேயே கோபுரத்தை வைத்துக் காட்டினான். பார்த்தால் கோபுரம் தலைகீழாக நிற்கிறது. கலசம் கீழே, வாசல் மேலே. "இதுல அப்படித்தாம்மா தெரியும். வானத்துல மேல ஏது, கீழ ஏது" என்றான். "வானத்துக்கு இல்லாம இருக்கலாம், கோபுரத்துக்கு உண்டுடா" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்து குளித்தேன்.

சரி, டெலஸ்கோப் வந்துவிட்டதே, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. ஐபீஸ் என்று ஒன்று இருக்கிறது. கண்ணை வைக்கிற இடத்தில் செருகுகிற சின்னக் குப்பி. அதுதான் பெரிசாக்குகிறதாம். இருபத்தஞ்சு நம்பர், பத்து நம்பர் என்று ரெண்டு கூடவே வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நம்பர் சின்னதானால் பெரிசாகத் தெரியும். நம்பர் பெரிசானால் சின்னதாகத் தெரியும். இதை நான் புரிந்துகொள்ளவே நாலு நாள் ஆயிற்று. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். அந்தப் படிப்பில் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

இவனுக்குப் பத்து போதவில்லை. நாலாம் நம்பர் ஒன்று வரவழைத்தான். அது ஊசி முனை மாதிரி ஓட்டை. கண்ணிமை அதில் இடிக்கும். பார்த்தால் எல்லாம் பால் திரிந்த மாதிரி இருந்தது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். நம்மால் முடியாததைப் பெரிசாக்கிப் பார்க்க நினைத்தால் கலங்கித்தான் தெரியும். நான் இதைத்தான் பெண் பார்க்கிற விஷயத்திலும் சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு பெண், திருவிடைமருதூரில் ஒரு பெண். ரெண்டையும் "சரிப்படாதும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்தான். மூன்றாவது இடம், பத்துக்கு ஒன்பது பொருத்தம். பெண் பார்க்க நாள் குறித்தால், "அன்னைக்குச் சந்திர கிரகணம்மா" என்றான். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன், நிஜமாகவே கிரகணம். கிரகண நாளில் யாராவது பெண் பார்க்கப் போவார்களா? என் வாயை அடைத்துவிட்டான். அவர்கள் அந்த நாளை விட்டால் வேறு நாள் இல்லை என்றார்கள். போயே போச்சு.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினா டீச்சர் வந்தாள். எங்கள் ஊரில் ஒரு ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். சொந்த ஊர் காரைக்கால். மாயவரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள், சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்விடுவாள். பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்ட வேண்டும் என்று நாதனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கூல் மைதானத்தில் இவன் டெலஸ்கோப்பை வைத்திருக்கிறான், எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அந்தப் பெண் ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, அடியில் இருக்கிற கண்ணாடியைக் கொஞ்சம் திருகி நேராக்கியிருக்கிறாள். பளிச்சென்று வந்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னான். "ஒரே நிமிஷம்மா. திருப்புளியை எப்படிப் பிடிச்சாங்க தெரியுமா" என்று. திருப்புளியை வேறு எப்படிப் பிடிப்பார்கள்?

அதிலிருந்து புதன்கிழமை சாயங்காலம் ஆனால் வந்துவிடுவாள். ஆறு மணிக்கு வந்து எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள், ஹாஸ்டல் கேட்டை மூடிவிடுவார்கள். தங்கமான பெண். வாசலிலேயே செருப்பை ஓரமாகத் திருப்பி விடுவாள். நான் விளக்கேற்றுகிற நேரம் என்றால் பேசாமல் நிற்பாள். தோசை வார்த்துக் கொடுத்தால் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். முப்பத்திரண்டு வயசு, அவளுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பாவம். "உங்க மாதாகிட்ட நான் வேண்டிக்கிறேம்மா" என்று ஒரு நாள் சொன்னேன். முகமெல்லாம் சிவந்துவிட்டது. கூச்ச சுபாவம். நிஜமாகவே வேளாங்கண்ணிக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன். நாதனுக்கு வைத்தீஸ்வரன் கோயிலில் ஒன்று, ரெஜினாவுக்கு வேளாங்கண்ணியில் ஒன்று. கலந்துவிடக் கூடாது என்று காசைத் தனித்தனி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன்.

என்னம்மா சிரிக்கிறீர்கள்? தூசியா? ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மங்கைநல்லூர் தாண்டினால் தூசி குறைந்துவிடும்.

ரெஜினா வந்த பிறகுதான் இந்த ஆறாம் நம்பர் வந்தது. நாலுக்கும் பத்துக்கும் நடுவில். அதற்கு ரெண்டு பேரும் உட்கார்ந்து மூன்று புதன்கிழமை பேசினார்கள். ஆறா, ஏழா, வாய் எவ்வளவு, கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம். சரியாக வந்திருக்கிறது பாருங்கள். இதோ, இதுதான். விபூதிப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். மேலே இந்த ரப்பர் மடங்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கழற்றாமலே பார்க்கலாம். அதற்கென்றே தேடிப் பிடித்ததாம். நாதனுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. அப்படியானால் யாருக்காக இதை வாங்கியிருப்பான்? எனக்காகத்தான். வீட்டில் கண்ணாடி போட்டவள் நான்தானே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஜினாவும் கண்ணாடிதான், ஆனால் அவள் வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகிறவள்.

அவ்வளவு ஆசையாக வாங்கியிருக்கிறானே என்றுதான் போன மாசம் மாடிக்குப் போனேன். பக்கவாட்டில்தானே பார்க்கிறோம் என்ற தைரியம் வேறு. மணி ஏழு இருக்கும். ரெஜினா என் தோளைப் பிடித்து நிற்க வைத்தாள். "கண்ணாடி கழட்ட வேண்டாம்மா, அப்படியே குனிங்க" என்றாள்.

பார்த்தேன்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அவ்வளவு சின்னதாக இருந்தார். கறுப்புத் துணியில் ஒரு முத்தை வைத்து, சுற்றி ஒரு வளையத்தை வைத்த மாதிரி. அசையாமல் இருந்தார். ஊரையெல்லாம் ஆட்டி வைக்கிறவர் இவரா என்று இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "பாவம்டா, தனியா இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். இருட்டில் ரெண்டு பேர் முகமும் தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். போன புதன்கிழமை, தோசை வார்த்துக்கொண்டே கேட்டேன். "ஏம்மா ரெஜினா, இப்படிப் பக்கத்துல நின்னு பாத்தா அவர் பார்வை நம்ம மேல நேரா விழாதுல்ல?" அவள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டாள். வெளிச்சம் இப்படி உள்ளே போகிறது, அடியில் இருக்கிற கண்ணாடியில் பட்டு மேலே வருகிறது, நடுவில் சாய்த்து வைத்திருக்கிற ஒரு குட்டிக் கண்ணாடி அதைத் திருப்பி நம் கண்ணுக்குள் விடுகிறது. "அதனால நேரா பாக்குறதும் இதும் ஒண்ணுதாம்மா. கண்ணாடி திருப்பி விடுது, அவ்வளவுதான்" என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கள்ளமே கிடையாது. கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

தோசை கருகிப் போச்சு.

நினைத்துப் பாருங்கள். நான்தானே பிடிவாதம் பிடித்து அந்தப் பக்கவாட்டு டெலஸ்கோப்பை வாங்க வைத்தேன்? ஒரு சீசன் முழுக்க, ஏழரையில் இருக்கிற பிள்ளையை, குட்டிக் கண்ணாடி வைத்துத் திருப்பி, நேராக அவர் முகத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். ரெஜினாவும் பார்த்தாள், அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வருகிறதா இல்லையா? மறுநாளே திருவிடைமருதூர்க்காரர்கள், நான் மறுபடி ஆள் விட்டுக் கேட்டிருந்தேன், பெண்ணுக்கு வேறு இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள்.

ராத்திரி பெண் அபயாவுக்குப் போன் பண்ணி அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், ரெஜினா, ஆறாம் நம்பர், படம் போட்டது எல்லாம். அவள் கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு நெஜமாவே புரியலையா?" என்றாள். "புரியாம என்னடி, வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்புது, அதானே. புரிஞ்சுதுன்னுதானே அழறேன்" என்றேன். "கடவுளே" என்று போனை வைத்துவிட்டாள். யாருக்குமே என்னோடு உட்கார்ந்து பேசப் பொறுமை இல்லை.

எங்கள் தெருக் குருக்களிடம் கேட்டேன். திருநள்ளாறு நள தீர்த்தத்தில் முழுகி, கட்டின துணியை விட்டுவிட்டு வருவது வழக்கம், அதோடு தோஷம் பட்ட பொருளையும் விடலாம் என்றார். தண்ணீரில் போட வேண்டாம், கரையில் வைத்துவிட்டால் போதுமாம். டெலஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர முடியுமா? யோசித்தேன். இருபத்தஞ்சில் பார்த்தால் அவர் வெறும் புள்ளி. புள்ளியை எல்லோரும்தான் பார்க்கிறோம், அதில் தோஷம் கிடையாது. இந்த ஆறில்தான் முகம் தெரிகிறது. அதனால் இதை மட்டும் எடுத்துவந்தேன். நாதனுக்குத் தெரியாது. அவன் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்தக் குட்டிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிற திருகு ஒன்று மழுங்கிவிட்டதாம், அது காரைக்காலில்தான் கிடைக்குமாம். தீபாவளிக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போகிறான், ஒரு திருகு வாங்க. வழியில் வாடிவிடும் என்று பூவைக்கூட ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போனான். கடைக்காரர் வீட்டில் சாமி படத்துக்காக இருக்கும்.

என்ன கேட்டீர்கள்? இந்த ஐபீஸ் யாருடையதா?

அதென்ன அப்படிக் கேட்கிறீர்கள். நாதனுடையதுதான். இல்லை, இருங்கள். பார்சலை ரெஜினாதான் கொண்டுவந்தாள். "உங்களுக்குத்தான், பிரிங்க" என்று அவனிடம் கொடுத்தாள். அப்படியானால் அவள் வாங்கினதா? குருக்கள் கண்டிப்பாகச் சொன்னார், சொந்தப் பொருளாக இருக்க வேண்டும், பிறத்தியார் பொருளை விட்டால் அவர்கள் தோஷமும் நம் தலையில் ஏறிவிடும் என்று. நல்ல வேளை கேட்டீர்கள் தாயே. பேரளம் வந்துவிட்டது, இப்போதே கேட்டுவிடுகிறேன். ரெஜினாவுக்கே போடுகிறேன். இந்தப் பச்சையைத்தானே அமுக்க வேண்டும்?

ரெஜினா, நான் நாதன் அம்மா பேசறேன். ஆமாம்மா. என்ன, பின்னாடி ஒரே சத்தமா இருக்கு, வீட்டுல விசேஷமா? ஓ, ஆளுங்க வந்திருக்காங்களா. சரி சரி, ஒரே ஒரு கேள்விதான். அந்த ஆறாம் நம்பர் ஐபீஸ் இருக்குல்ல, அது யாருது? உன்னுதா, நாதனுதா? பயப்படாதம்மா, பத்திரமா எங்கிட்டதான் இருக்கு. சும்மா சொல்லேன். என்னது? சத்தமாச் சொல்லு. ரெண்டு பேருதா?

கேட்டீர்களா? ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினதாம். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இருங்கள், யாரோ போனை வாங்குகிறார்கள்.

நாதா? நீ எங்கடா அங்க? திருகு வாங்கிட்டியா? என்ன பேசிக்கிட்டிருக்கீங்க? சரி, அதெல்லாம் அப்புறம் சொல்லு. நான் திருநள்ளாறு போற பஸ்ல இருக்கேன், அந்த ஐபீஸைக் குளக்கரையில விட்டுட்டு வர. குதிக்காத, குதிக்காத, இன்னும் விடல. ஆனா பொருள் ரெண்டு பேருதுன்னா, முழுக்கும் ரெண்டு பேரும்தான் முழுகணும். தனியா நான் முழுகிப் பிரயோஜனம் இல்ல. ஆமா, அவளையும் கூட்டிக்கிட்டு வா. அவங்க வீட்டுல ஏதாவது நெனச்சுக்குவாங்களோ? வேற சாமியாச்சே. என்னடா சொல்ற? அவங்க அப்பா அம்மாவுமா? எதுக்கு? என்னைப் பாக்கணுமா?

வைத்துவிட்டான்.

பாருங்கள் தாயே, எவ்வளவு நல்ல மனுஷர்கள். அப்பா, அம்மா, பெண், மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் கிளம்பிவிட்டார்களாம். நாதன் பைக்கில் முன்னால் வருகிறானாம். குளக்கரையில் காத்திருங்கள் என்கிறார்கள். ஒரு ஐபீஸுக்காக இவ்வளவு தூரம் யார் வருவார்கள் இந்தக் காலத்தில்? அவன் கெஞ்சுகிறான், "அம்மா, அத மட்டும் விட்டுடாதம்மா" என்று. சரி, விட வேண்டாம். தீர்த்தத்தைத் தெளித்து எடுத்துக்கொண்டால் போதுமா என்று அங்கே யாரையாவது கேட்டுக்கொள்கிறேன். அழகான பொருள்தான். என் கண்ணுக்கும் சரியாக இருந்தது.

நீங்கள் காரைக்கால் போகிறீர்கள். அங்கே எந்தக் கோயிலுக்குப் போனாலும், மாதா கோயிலே ஆனாலும், என் பொருட்டு ஒரு நிமிஷம் நின்று வேண்டிக்கொள்ளுங்கள். என் நாதனுக்கு ஒரு நல்ல பெண். அந்த ரெஜினாவுக்கு ஒரு நல்ல பையன். ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள், கண்ணில் தண்ணீர் வருகிறது பாருங்கள், இன்னும் தூசியா? தனித்தனியாகச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள் தாயே. சேர்த்துச் சொன்னால் சாமிக்குக் குழம்பிவிடும்.